துருப்பிடிக்காது, ஆனால் தேயும்

"ஸ்டீல் போட்டா துருப்பிடிக்கும்மா. டைட்டானியம்னா ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். பணம்தான் கொஞ்சம் கூட ஆகும்." பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து எலும்பு மருத்துவமனைகளின் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் மருத்துவர் இல்லை. மருந்துக்கடைப் பையனாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனராக இருக்கலாம், சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணனாகவும் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா மனக்கணக்குப் போடுகிறார்: தோட்டை வைக்கலாமா, ஆட்டை விற்கலாமா?

இந்தப் பேச்சுக்குள் நான்கு கூற்றுகள் ஒன்றின் தோளில் ஒன்றாக நிற்கின்றன. டைட்டானியம் துருப்பிடிக்காது. ஆகையால் தேயாது. ஆகையால் உடம்பின் எந்த இடத்துக்கும் அதுவே மேல். ஆகையால் ஸ்டீல் என்பது கையில் காசில்லாதவன் வைத்துக்கொள்வது. முதல் கூற்று பெரும்பாலும் உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது ஆபத்தானது. நான்காவது குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. முதல் கூற்றின் உண்மையைக் காட்டியே மற்ற மூன்றையும் விற்றுவிடுகிறார்கள் என்பதால்தான் இந்த மறுப்பு.

இந்த இரண்டு மாவட்டத்துக்கும் இது ஏட்டளவுச் சர்ச்சை இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துப் போகிறது. அரியலூரில் ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தளவாய் என்று எந்தத் திசையில் போனாலும் சுண்ணாம்புக்கல் டிப்பர்களும் சிமெண்ட் லாரிகளும் எதிர்ப்படும். டூவீலரில் போகிறவனின் தொடையெலும்புக்கு இந்தச் சாலைகள் தயவு காட்டுவதில்லை. அது ஒரு பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியுமாகக் குனிந்தும் குந்தியும் நாற்பது வருடம் உழைத்த பெண்களின் மூட்டுகள் மறுபக்கம். முதல் வகைக்குப் பிளேட்டும் ராடும் வேண்டும். இரண்டாம் வகைக்குச் செயற்கை மூட்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தபின், உலோகம் உடம்புக்குள் போவது இங்கே அரிய செய்தி இல்லை. எந்த உலோகம், எந்த இடத்துக்கு என்பதைப் பற்றிய அறிவு மட்டும் வராந்தாப் பேச்சோடு நிற்கிறது.

முதலில் டைட்டானியத்தின் பெருமையைக் குறையில்லாமல் சொல்லிவிடுகிறேன். உடம்பின் உள்ளே உலோகத்துக்குக் கிடைக்கும் சூழல் கொடியது. 37 டிகிரி வெப்பத்தில் உப்புநீர். அதில் குளோரைடு, புரதம், கரைந்த ஆக்சிஜன். காயத்தைச் சுற்றி அழற்சி மூண்டால் அந்த இடம் அமிலமாகும். வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை வேறு கக்கும். சாதாரண இரும்பு இதில் நிற்காது. டைட்டானியம் நிற்கிறது. காற்று பட்ட மறுகணமே அதன்மேல் டைட்டானியம் ஆக்சைடாலான ஒரு படலம் உண்டாகிவிடுவதுதான் காரணம். சில நானோமீட்டர் தடிமன்தான். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. குளோரைடால் எளிதில் துளைக்க முடியாத படலம் அது. எலும்பு அதன்மேல் நேரடியாக ஒட்டி வளரவும் செய்கிறது. ஸ்வீடனில் பிரோன்மார்க் முயல் எலும்பில் இதைக் கவனித்தது 1952-ல். மனிதனுக்கு முதல் டைட்டானியப் பல்வேர் பொருத்தியது 1965-ல். இன்று சிமெண்ட் வைக்காமல் எலும்புக்குள் இறுக்கும் இடுப்பு மூட்டுத் தண்டுக்கும், பல்வேருக்கும், முதுகுத்தண்டுத் திருகுக்கும் டைட்டானியம் முதல் தேர்வாக இருப்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

ஆனால் அந்தப் பெருமை முழுவதும் படலத்தினுடையது. படலத்தைச் சுரண்டினால் உள்ளே இருப்பது ஆக்சிஜனுக்கு அலையும், மிகவும் வினைபுரியும் ஓர் உலோகம். சுரண்டிய இடத்தில் படலம் உடனே மறுபடி உருவாகிவிடும், உண்மைதான். பாலாடை போல. எடுக்க எடுக்க மறுபடி கட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் பாலிலிருந்துதான் கட்டுகிறது, பால் குறைந்துகொண்டே வரும். உரசல் ஒருமுறை நடந்தால் ஒன்றுமில்லை. நடக்கும் மனிதனின் ஒரு கால் வருடத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் முறை உடம்பின் பாரத்தைத் தாங்கி இறக்குகிறது. இதயம் வருடத்துக்கு ஏறத்தாழ 3.8 கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறை உரசும் இடத்தில் படலம் கிழிவதும் கட்டுவதுமாகவே இருந்தால், தேய்மானமும் அரிமானமும் கைகோத்துக்கொள்ளும். தேய்மானம் படலத்தை அகற்றுகிறது. அரிமானம் அகன்ற இடத்தைத் தின்கிறது. பிய்ந்து விழுந்த ஆக்சைடுத் துகள் நடுவில் சிக்கி உப்புத்தாள்போல மறுபடி தேய்க்கிறது. 'துருப்பிடிக்காது, ஆகையால் தேயாது' என்கிற வாதம் முறிகிற இடம் இதுதான்.

இதற்கு வேறு காரணமும் உண்டு. டைட்டானியம் தன்மேல் உரசுகிற பொருளோடு ஒட்டிக்கொண்டு பிய்யும் சுபாவம் உள்ளது. லேத்தில் டைட்டானியம் கடைந்தவர்களைக் கேட்டால் தெரியும். வெட்டுமுனையில் அப்பிக்கொள்ளும், மரையில் பிடித்துக்கொள்ளும். கடினத்தன்மையும் சுமார்தான். ஆறு சதவீத அலுமினியமும் நான்கு சதவீத வனேடியமும் சேர்த்த கலவைதான் உலகெங்கும் அதிகம் புழங்குகிறது. 1950-களில் விமானத் தொழிலுக்காகப் பிறந்தது, பிறகு மனித உடம்புக்குள் குடிவந்தது. விக்கர்ஸ் அளவில் அதன் கடினத்தன்மை ஏறக்குறைய 350. மூட்டுப் பந்தாகப் பயன்படும் அலுமினாப் பீங்கானுக்கு அது 2000 அளவில் இருக்கும்.

இந்தக் குணத்தை நம் நாட்டிலேயே ஒரு குழு நேருக்கு நேர் சந்தித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்யும் வேலை 1970-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஏழைகளுக்கு வெளிநாட்டு வால்வின் விலை எட்டாக்கனி. முதல் வடிவத்தின் சட்டகம் டைட்டானியம். அதில் பற்றவைத்த தாங்கி முறிந்தது. சரி, பற்றவைப்பே வேண்டாமென்று டைட்டானியத்தை ஒரே துண்டாகக் கடைந்தார்கள். திறந்து மூடும் தட்டுக்குச் செயற்கை நீலக்கல் படிகத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்று நம் வராந்தாவில் யாரிடமாவது இந்த வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள்: டைட்டானியமும் நீலக்கல்லும்! இதைவிட உயர்ந்த ஜோடி எது என்று வாயைப் பிளப்பார்கள். சோதனை எந்திரத்தில் ஓடவிட்டபோது அந்தக் கடினமான நீலக்கல், டைட்டானியச் சட்டகத்தைத் தேய்த்துத் தள்ளியது. உப்புநீர் அதை ஒன்றும் செய்திருக்காது. உரசல் செய்தது.

அடுத்த வடிவத்தில் டைட்டானியத்தை விட்டுவிட்டு, ஹேய்ன்ஸ்-25 எனப்படும் கோபால்ட்-குரோமியக் கலவைக்கு மாறினார்கள். தேய்மானம் அடங்கியது, ஆனால் நீலக்கல் தட்டு ஓர் ஆட்டின் இதயத்தில் உடைந்தது. நான்காவது வடிவத்தில் தட்டு மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனாயிற்று. கோபால்ட்-குரோமியச் சட்டகம், பிளாஸ்டிக் தட்டு, பாலியெஸ்டர் வளையம். பெயரைக் கேட்டால் எந்தக் கவர்ச்சியும் இல்லாத இந்த ஜோடிதான் 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக மனித இதயத்துக்குள் போனது. சென்னையின் டிடிகே குழுமம் தயாரிப்பை ஏற்றது. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாயிற்று. தமிழ்நாட்டில் பல ஏழை வீடுகளில் இன்று துடித்துக்கொண்டிருக்கும் அந்த வால்வில், உரசும் இடத்திலிருந்து டைட்டானியம் விலக்கப்பட்டதே ஒரு பொறியியல் முடிவு. 2024-ல் வலியத்தான் காலமானபோது நாளிதழ்கள் வால்வின் மலிவைப் பாராட்டின. உலோகத்தைக் கைவிட்ட அந்தத் துணிவைப் பற்றி யாராவது இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

இடுப்பு மூட்டிலும் இதே கதைதான், இன்னும் கசப்பாக. எடை குறைவு, எலும்போடு ஒத்துப்போகும், அரிக்காது என்று 1970, 80-களில் மேலைநாடுகளில் தொடையெலும்புத் தண்டோடு அதன் பந்தையும் டைட்டானியக் கலவையிலேயே செய்து பொருத்தினார்கள். சில ஆண்டுகளில் மூட்டுகள் தளர்ந்தன. மறு அறுவைக்குத் திறந்தபோது சுற்றியிருந்த சதை கரியைப் பூசியதுபோலக் கறுத்திருந்தது. 1988-ல் அமெரிக்க எலும்பு, மூட்டு அறுவை இதழில் வெளியான ஆய்வு, அந்தக் கறுத்த திசுவில் டைட்டானியமும் அலுமினியமும் வனேடியமும் இருந்ததைக் காட்டியது. பளபளப்பான பந்து முதலில் கீறல் விழுந்து, பிறகு தன்னைத்தானே அரைத்துக்கொண்டது. அதன் பிறகு தேர்ந்த நிறுவனங்கள் டைட்டானியத்தில் பந்து செய்வதை நிறுத்தின. தண்டு டைட்டானியம், பந்து கோபால்ட்-குரோமியம் அல்லது பீங்கான் என்பது வழக்கமாயிற்று.

அந்தக் கீறலைத் தொடங்கிவைத்தது எது என்பதில் அரியலூர்க்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. எலும்புக்குள் மூட்டை நிலைநிறுத்த 'போன் சிமெண்ட்' வைக்கிறார்கள். நம் ஊர் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு அரைத்து மூட்டை கட்டுகிறோமே, அதற்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம்தான். இது அக்ரிலிக் பிளாஸ்டிக், பல்செட்டுச் செய்கிற இனம். எக்ஸ்ரேயில் தெரியவேண்டும் என்பதற்காக அதில் சிர்கோனியாவோ பேரியம் சல்பேட்டோ கலக்கிறார்கள். சிமெண்ட் உதிர்ந்தால் அந்தத் துகள்கள் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். சிர்கோனியா பீங்கான் வகை. டைட்டானியம் அதன்முன் நிற்காது. தேய்மானம் என்பது ஓர் உலோகத்தின் தனிக்குணம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. எதிரே என்ன, நடுவே என்ன, எவ்வளவு பாரம், எவ்வளவு அசைவு என்று எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. கடைக்காரர் 'தேயாது' என்று சொன்னால், எதோடு உரசும்போது என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு வராந்தாவில் பதில் கிடைக்காது.

பந்தை மாற்றியதோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை. தண்டு ஒரு துண்டு, கழுத்து ஒரு துண்டு, பந்து ஒரு துண்டு என்று கழற்றி மாட்டும் மூட்டுகள் வந்தன. டைட்டானியத் தண்டின் குழிக்குள் கோபால்ட்-குரோமியக் கழுத்தைச் செருகினார்கள். கண்ணுக்குத் தெரியாத, மைக்ரான் கணக்கிலான ஆட்டம் அந்த இணைப்பில் இருந்தது. படலம் கிழிந்து கிழிந்து கட்டியதில், இடுக்கில் இருந்த கொஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்தது, உள்ளே அமிலம் ஏறியது, குளோரைடு புகுந்தது. எதற்கும் அரிக்காது என்று பெயரெடுத்த உலோகத்தின் கூட்டாளி அங்கே கரைந்தது. ஸ்டிரைக்கர் நிறுவனம் ரெஜுவனேட், ஏபிஜி-2 என்ற இரண்டு கழுத்து மாற்றும் மூட்டுகளை 2012 ஜூலையில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவற்றின் தண்டு டைட்டானியம், மாலிப்டினம், சிர்கோனியம், இரும்பு கலந்த புதுவகைக் கலவை. தனித்தனியே சோதித்தால் இரண்டு உலோகமும் தங்கம். ஒன்றாக உரசவிட்டால் கதை மாறிவிட்டது.

'அப்படியானால் கோபால்ட்தான் குற்றவாளி, டைட்டானியம் பாவம்' என்று ஒருவர் வாதாடலாம். கோபால்ட்டுக்கும் கறை உண்டு, மறைக்கவில்லை. உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசும் ஏஎஸ்ஆர் மூட்டு 2010-ல் திரும்பப் பெறப்பட்டது; இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று மத்திய அரசு 2018-ல் வரைமுறை வகுத்தது. எந்த உலோகமும் புனிதம் இல்லை என்பதுதானே நானும் சொல்வது? ஒன்றைப் புனிதமாக்கி விற்பதில்தான் எனக்குத் தகராறு.

இனி நம் மாவட்டங்களில் மிக அதிகமாக நடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். லாரி மோதிக் கால் முறிந்தவனுக்குப் பிளேட். இங்கேதான் 'ஸ்டீல் துருப்பிடிக்கும்' என்கிற பயம் மிகப் பெரிய வியாபாரம் செய்கிறது. எலும்புக்கு வைக்கும் ஸ்டீல், வீட்டு எவர்சில்வர் டம்ளர் இல்லை. 316எல் என்ற வகை. ஐஎஸ்ஓ 5832 தரத்தின் முதல் பகுதி அதற்கு இலக்கணம் சொல்கிறது: குரோமியம் 17 முதல் 19 சதவீதம், நிக்கல் 13 முதல் 15, மாலிப்டினம் குறைந்தது 2.25, கார்பன் 0.03-க்கு மேல் கூடாது. சமையலறை எவர்சில்வரில் வழக்கமாக மாலிப்டினம் கிடையாது. உடம்பின் குளோரைடு போடும் குழிகளைத் தடுப்பது அதுதான். இந்த இலக்கணப்படி செய்த ஸ்டீலின் மேலும் ஒரு படலம் இருக்கிறது, குரோமியம் ஆக்சைடு. டைட்டானியப் படலம் அளவுக்கு உறுதி இல்லை. திருகின் தலை பிளேட்டில் உட்காரும் இடுக்கில் அரிமானம் நடப்பதுண்டு, எடுத்த பிளேட்டுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பிளேட் உள்ளே எதற்காக இருக்கிறது? முறிந்த எலும்பு கூடும் வரை. தொடையோ முழங்காலுக்குக் கீழோ, பெரும்பாலும் சில மாதங்கள். எலும்பு கூடிய பிறகு அந்தப் பிளேட்டுக்கு வேலை இல்லை. ஆயுள் முழுக்க அரிக்காமல் இருக்கும் குணத்துக்கு, ஆறு மாதம் வேலை செய்யும் பொருளில் யார் விலை கொடுப்பது?

பிளேட் உடைவதையும் இந்தப் பயத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். 'ஸ்டீல் பிளேட் உடைஞ்சு போச்சு, டைட்டானியம் போட்டிருக்கணும்.' பிளேட் உடைவது பெரும்பாலும் எலும்பு கூடாததால். கூடாத எலும்பின் பாரம் முழுவதையும் உலோகம் தாங்கினால், தினமும் வளைந்து நிமிர்ந்து களைத்து முறியும். எந்த உலோகமும் முறியும். புகைபிடிப்பது, கட்டுப்படாத சர்க்கரை, காயத்தில் கிருமி, மருத்துவர் சொல்வதற்கு முன்பே பாரம் போட்டு நடப்பது, பொருத்தியதில் பிழை என்று காரணங்கள் அங்கே இருக்கின்றன. இன்னொன்று: டைட்டானியக் கலவை கீறலுக்குக் கூச்சப்படும் உலோகம். மேற்பரப்பில் விழுந்த சிறு வடு அதன் களைப்புத் தாங்கும் திறனைக் கணிசமாகக் குறைத்துவிடும். அறுவை மேசையில் முன்னும் பின்னும் வளைத்துச் சரிசெய்த பிளேட்டுக்கு இது முக்கியம்.

பிறகு, எடுப்பது. 'எலும்பு கூடிடுச்சு, கம்பியை எடுத்துடுங்க சார்' என்று ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பி வருவது நம் ஊர் வழக்கம். கட்டாயம் இல்லை, ஆனாலும் வருகிறார்கள், குறிப்பாகக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவர்களும் தோலுக்கடியில் பிளேட் உறுத்துகிறவர்களும். டைட்டானியத்தின் பெரிய புகழே அதற்கு இங்கே எதிரி. எலும்பு அதன்மேல் ஒட்டி ஏறிவிடும். பூட்டுத்திருகு வகைப் பிளேட்டில் திருகின் தலை பிளேட்டோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மென்மையான டைட்டானியத் தலையின் குழி வழுக்கிப்போகும். துளையிட்டு அறுத்தெடுக்கவேண்டிய நிலையும் வருவதுண்டு. ஸ்டீல் திருகு அந்த வகையில் சமத்து. இதையும் யாரும் பணம் கட்டும்போது சொல்வதில்லை.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் சொல்லியாகவேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு ஸ்டீல் வேண்டாம்; கவரிங் நகை போட்டால் காது புண்ணாகும் பெண்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஸ்டீலின் விறைப்பு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். டைட்டானியக் கலவைக்கு 110. கெட்டி எலும்புக்கு 20-க்குள். ஆகவே எலும்பின் பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு அதைச் சோம்பேறியாக்கும் தொல்லை டைட்டானியத்தில் குறைவு, இல்லாமல் இல்லை. எம்ஆர்ஐ பற்றிய பயத்தில் பாதி பொய். 316எல் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. ஸ்கேன் எடுப்பது பொதுவாகச் சாத்தியம்தான், உலோகம் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் அதிகம் கலங்கும், அவ்வளவே. முதுகுத்தண்டில் பொருத்துவதாக இருந்தால் அந்தக் கலங்கல் பெரிய விஷயம், அங்கே டைட்டானியத்துக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. கணுக்காலில் வைத்த பிளேட்டுக்காக, என்றாவது மூளையை ஸ்கேன் எடுக்கவேண்டி வருமோ என்று இன்று நகையை அடகு வைப்பது வேறு விஷயம்.

ஸ்டீலில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அது உலோகத்தின் பெயரில் இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் காமாட்சி முதலியும் பல்தேவ் ராஜும் ஸ்ரீதரும் 2003-ல் 'சாதனா' இதழில் உடம்புக்குள் வைக்கும் உலோகங்களின் அரிமானம் பற்றி விரிவாக எழுதினார்கள். அணு உலையின் அரிமானத்தை ஆராய்கிறவர்கள் எலும்புப் பிளேட்டுக்கு வந்தது தற்செயல் இல்லை. படலத்தின் இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றுதான். மாலிப்டினம் குறைந்தாலோ, வார்ப்பில் அழுக்கு சிக்கினாலோ, மேற்பரப்பைச் சரியாக மெருகிடாமல் விட்டாலோ 316எல் என்று அச்சிட்டிருப்பதில் பயனில்லை. தரம் கெட்ட ஸ்டீலுக்கு மாற்று, தரமான ஸ்டீல். வராந்தாப் பேச்சு அந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டு, தயாரிப்பாளரின் குற்றத்தை உலோகத்தின் தலையில் கட்டுகிறது. அதைத் தீர்க்கும் செலவை நோயாளியின் தலையில் கட்டுகிறது.

முழங்கால் மூட்டுக்கு வந்தால் வியாபாரம் இன்னும் வெளிப்படை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்சவிலை வைத்தது. நல்ல காரியம். கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய். டைட்டானியம், ஆக்சைடேற்றிய சிர்கோனியம் போன்ற 'சிறப்பு உலோக' மூட்டுக்கு 76,600. வித்தியாசம் 21,880 ரூபாய். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 319 ரூபாய். கணக்குப் போட்டால் அந்த வித்தியாசம் 68 நாள் உழைப்புக்கும் மேல். விலையைக் கட்டுப்படுத்தவந்த அரசாணையே 'சிறப்பு' என்று ஒரு மேல்படியைக் கட்டிக்கொடுத்துவிட்டது. அந்தச் சிறப்பு எதில், தேய்மானத்திலா, ஒவ்வாமையிலா, எத்தனை ஆண்டில் என்று ஆணை பேசவில்லை.

முழங்காலில் டைட்டானியம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. தொடையெலும்பின் முனையில் கவிழ்க்கும் உலோகத் தொப்பிதான் பிளாஸ்டிக்கின்மேல் உரசி உருள்வது. அதை டைட்டானியக் கலவையில் செய்துபார்த்து, தேய்மானத்தால் கைவிட்டார்கள். இன்று அது பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம். கீழே முன்காலெலும்பில் பதிக்கும் தட்டு டைட்டானியமாக இருக்கலாம். அது உரசும் வேலைக்கு வந்ததில்லை. தேய்வது நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் துண்டு. அதன் தரமும், மூட்டை நேர்கோட்டில் வைத்த கையின் திறமும்தான் மூட்டின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை. விளம்பரத் தட்டிகளில் மின்னும் 'கோல்டு' மூட்டின் பொன்நிறம் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு வகைப் பூச்சு. சில மைக்ரான் தடிமன். அடியில் இருப்பது பழைய கோபால்ட்-குரோமியம்தான். நிக்கல் ஒவ்வாமைக்காரருக்கு அது பயனுள்ளது. முப்பது வருடம் நாற்பது வருடம் என்ற உறுதிமொழிக்கு அதே அளவு காலம் பின்தொடர்ந்த நோயாளிகள் வேண்டும். அந்தப் பூச்சுகளுக்கு அப்படியொரு வரலாறு இன்னும் சேரவில்லை.

ஆய்வாளர்களே டைட்டானியத்தை இறுதித் தேர்வு என்று எழுதியிருக்கிறார்களே என்று படித்தவர்கள் கேட்பார்கள். எழுதியிருக்கிறார்கள். வேலூர் விஐடியின் கீதா மணிவாசகமும் அசோகமணி, ஏ.கே. சிங், கோகியா ஆகியோரும் 2009-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுத் தொகுப்பின் தலைப்பே அந்தப் பொருளில்தான். தலைப்போடு நின்றுவிட்டால் வராந்தாவுக்கும் நூலகத்துக்கும் வேறுபாடு இல்லை. டைட்டானியத்தின் மோசமான தேய்மான எதிர்ப்பும், அதைச் சீர்செய்ய மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றுவது, பூச்சிடுவது, வனேடியத்துக்குப் பதில் நயோபியம் போன்றவற்றைச் சேர்ப்பது எல்லாம் அந்தத் துறையின் அன்றாட வேலை. தேயாத உலோகமாக இருந்தால் தேய்மானத்தைக் குறைக்க ஏன் இத்தனை ஆய்வகங்கள் மல்லுக்கட்டுகின்றன? நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட் இருக்கிறது, கொல்லத்தை அடுத்த சவறையில் 2011-ல் டைட்டானியப் பஞ்சு ஆலையே வந்துவிட்டது என்று பெருமைப்படுவோரும் உண்டு. பெருமைப்படலாம். உள்ளூர் மணலில் கிடைப்பதால் உரசலின் விதி மாறிவிடாது.

ஆகவே என்ன செய்யலாம் என்றால், உலோகத்தின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு வேறு நான்கைக் கேட்கலாம். இது உள்ளே எவ்வளவு காலம் வேலை செய்யவேண்டும்? எதோடு உரசும்? பிற்பாடு எடுக்கவேண்டியிருக்குமா? தரச் சான்று எங்கே? கடைசிக் கேள்விக்குப் பதில் காகிதத்தில் இருக்கிறது. உடம்புக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளின் உறையிலும் தயாரிப்பாளர், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதில் ஒன்றை அறுவைக் கூடத்தில் கேஸ்ஷீட்டில் ஒட்டுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிளேட் வைக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வோர் எலும்பு அறுவைக்கும், எந்த உலோகம், எந்தத் தரம், எந்தத் தொகுதி என்று அந்தச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தரவேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் ஆணை போட்டால் போதும். பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்த இடத்தில் 'வித்தியாசத் தொகை' கேட்பவர், அந்த வித்தியாசம் எதற்கு என்பதையும் அதே சீட்டில் கையெழுத்துப் போட்டு எழுதட்டும்.